சின்னான் ஊற்றிய ஆயில்

எங்க மெக்கானிக் சங்கத்து இருபத்தஞ்சாவது வருஷ மலருக்கு என் கதையை எழுதித் தரச் சொன்னாங்க. கேட்டதுல தப்பில்லை. மூணாவது வரைக்கும் படிச்சவன், ஒன்பது வயசுல கோட்டைமேட்டுப் பட்டறை ஒண்ணுல மண்ணெண்ணெயில நட்டு போல்ட்டுக் கழுவ உக்காந்தவன், இருபத்தாறு வயசுல துடியலூர்ல சொந்தப் பட்டறை போட்டான்னா அது எழுத வேண்டிய கதைதான். மேட்டுப்பாளையம் ரோட்டுல எந்த வண்டி போனாலும் பட்டறைக்குள்ளே டீ குடிச்சுக்கிட்டே அதுக்கு என்ன சீக்குன்னு சொல்லுவேன். கலீல் பாய் கை வெச்ச இன்ஜின் திரும்பி வராதுன்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆனா இது சின்னான் கதை. படிச்சா ஏன்னு தெரியும்.

துடியலூருக்கு மேற்கே வரதராஜுலு தோட்டத்துல பண்ணையாளா இருந்தவன் சின்னான். அவங்கப்பனும் அங்கேயே பண்ணையாள்தான். ஏழு வயசுல எருமை மேய்ச்சான், பதினஞ்சு வயசுல ஏர் புடிச்சான். எழுபத்தி நாலுல வரதராஜுலு, குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஏலத்துல குட்டி டிராக்டர் ஒண்ணு எடுத்துட்டு வந்தார். வெள்ளைக்காரங்க பங்களாத் தோட்டத்துல பாத்தி உழ வெச்சிருந்தது. எருமைக்கன்னு உசரம்தான் இருக்கும். ஒத்தைச் சிலிண்டர். பெட்ரோல்ல கிளப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்தறதுக்கு முன்னாடி மறுபடியும் பெட்ரோலுக்குக் கொண்டு வரணும். மறந்தா அடுத்த நாள் தலைகீழா நின்னாலும் கிளம்பாது.

அதை ஓட்ட டவுன்லயிருந்து ஒரு டிரைவரைக் கூட்டிட்டு வந்தாங்க. முதல் நாளே, இன்ஜினைச் சுத்திக் கிளப்பற ஹேண்டில் திருப்பி அடிச்சு அந்தாளுக்கு மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. பக்கத்துல காளை கட்டிட்டு நின்ன சின்னான், கட்டை விரலைச் சுத்திப் புடிச்சதுதானுங்க தப்புன்னான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அவன் அஞ்சு விரலையும் ஒரே பக்கமா வெச்சு ஒரு இழுப்பு இழுத்தான். கிளம்பிருச்சு. அன்னைக்கிருந்து அவன்தான் டிரைவர்.

அது பல பேருக்குப் பிடிக்கலை. நேத்து வரைக்கும் சாணி அள்ளினவன் சீட்டுல உக்காந்து வர்றான், நாம கீழ நடக்கறோம்னு முணுமுணுத்தாங்க. அதனால ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. கோயில் வீதி வந்தா சின்னான் இறங்கிக்கணும். வண்டியை முதல் கியர்ல போட்டுட்டு, ஒரு கையால ஸ்டீயரிங்கைப் புடிச்சுக்கிட்டு, பக்கத்துல நடந்தே வரணும். வீதி முடிஞ்சதும் ஏறிக்கலாம். பதினேழு வருஷம் அப்படித்தான் வந்தான். நானும் பாத்திருக்கேன். அப்ப எனக்கு அது ஒண்ணும் தப்பாத் தெரியலை. முதல் கியர்ல இன்ஜின் எவ்வளவு சீரா ஓடுதுன்னுதான் பாத்தேன். என் வேலையாச்சே.

வண்டியை அவன் வெச்சிருந்த மாதிரி நான் யாரும் வெச்சுப் பாத்ததில்லை. பொண்டாட்டி பொன்னாத்தாளோட பழைய சேலைத் துணி ஒண்ணு எப்பவும் ஸ்டீயரிங்குல கட்டியிருக்கும். காலையில ஆயில் கம்பியை உருவி, அந்தத் துணியில தொடைச்சு, மறுபடி விட்டு எடுத்து, அளவு பாத்துட்டுத்தான் ஹேண்டிலைத் தொடுவான்.

தொண்ணூத்தி ஒண்ணு தை மாசம் இன்ஜின்ல தட்டற சத்தம் வருதுன்னு என்கிட்டக் கொண்டு வந்தாங்க. கழட்டி, பேரிங் மாத்திக் கொடுத்தேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் கட்டற இன்ஜின் ஒவ்வொண்ணுக்கும் மூடிக்கு உள்பக்கம், யாரும் பாக்காத இடத்துல, எழுத்துப் பஞ்ச் வெச்சு என் பேரோட ரெண்டு எழுத்தும் வருஷமும் அடிப்பேன். நாளைக்கு எவன் பிரிச்சாலும் இதைக் கலீல் ரஹ்மான் கட்டினான்னு தெரியணும். அதுலயும் அடிச்சேன்.

சித்திரையில ஒரு நாள், உழுதுக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் நின்னு போச்சுன்னு ஆள் வந்தது. போனேன். வரப்புல முப்பது பேர் நின்னாங்க. ஹேண்டிலைத் திருப்பினேன், அசையலை. பேரிங் கருகின வாசம். குனியக்கூட இல்லை நான். ஆயில் இல்லாம ஓட்டியிருக்கான்னு சொல்லிப்போட்டேன்.

சின்னான் பதறலை. "ஆயில் இருக்குதுங்க பாய். கம்பியை எடுத்துப் பாருங்க"ன்னான்.

எனக்கு இவன் சொல்லித் தர்றானான்னு ஆயிருச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவனே கம்பியை உருவிக் காட்டினான். அளவுக்கோடு வரைக்கும் ஆயில் இருந்துச்சு.

"ஜாம் ஆனதுக்கப்புறம் ஊத்தியிருப்பே"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. வரதராஜுலு ஊட்டைப் பாத்துத் திரும்பிட்டார்.

கம்பியில இருந்த ஆயில் கறுப்பா இருந்தது. புதுசா ஊத்தின ஆயில் தேன் நிறத்துல இருக்கும். பட்டறையில முதல் நாள் வேலைக்கு வர்றவனுக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாதா? கண்ணு பாத்துச்சு, வாயி முந்திக்கிச்சு. முப்பது பேருக்கு முன்னாடி சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு வரலை. இன்ஜினைப் பிரிச்சுப் பாக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். கேக்கலை.

வண்டியை மாட்டுச்சாளைக்குப் பின்னால தள்ளினாங்க. சின்னான் கையில மறுபடியும் மம்பட்டி. அதோட விட்டாங்களா? கடைக்கு எண்ணெய் வாங்கப் போனாலும், கோயில்ல விளக்குக்கு நின்னாலும், "என்ன சின்னான், எண்ணெய் ஊத்துனியா?" அதுவே அவனுக்குப் பேராயிருச்சு. எண்ணெய் ஊத்தாத சின்னான். ரெண்டு வருஷம் பொறுத்துப் பாத்துட்டு, பொண்டாட்டியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டுக் காங்கேயத்துக்குப் போயிட்டான். அங்கே தேங்காய் எண்ணெய் மில்லுல மூட்டை தூக்கற வேலை. எண்ணெய்க்கு நடுவுலயே இருந்துக்கிட்டு அந்தப் பேருக்குத் தப்பிக்க முடியுமா? இந்தப் பக்கத்து லாரிக்காரன் எவனோ அங்கேயும் கொண்டுபோய்ச் சேத்துட்டான்.

நான் ரெண்டு மாடி கட்டினேன். மூணு புள்ளைகளைப் படிக்க வெச்சேன். சின்னானை மறந்தே போயிட்டேன்.

போன வருஷம் ஆடி மாசம், ஒரு குட்டியானை வண்டி பட்டறை வாசல்ல வந்து நின்னது. பின்னால அந்த டிராக்டர். துரு ஏறி, சீட்டுல கோழி எச்சம். நாப்பது வயசு மதிக்கிற பொண்ணு இறங்கி வந்து, பேரு இளவேனில், சின்னான் மகள்னு சொல்லுச்சு. பம்ப்செட் கம்பெனியில மோட்டாருக்குச் சுருள் சுத்தற வேலையாம். வரதராஜுலு பேரன் வம்சி தோட்டத்தைச் சைட்டு போட வித்துட்டான். பழைய இரும்புக்காரன் டிராக்டரை ஏத்தும்போது பாத்து, இந்தப் புள்ளை மறிச்சு வாங்கியிருக்குது. அப்பனும் ஆத்தாளும் இப்ப இவகூடத்தான், துடியலூர்லயேதான் இருக்காங்க. சின்னானுக்கு நெஞ்சுல சளி கட்டி, படுத்த படுக்கை.

"அப்பா உங்ககிட்டயே குடுக்கச் சொன்னாருங்க. பாய்க்குத்தான் அந்த இன்ஜின் தெரியும்னாரு. ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி, கழட்டும்போது உள்ளே ஆயில் இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லச் சொன்னாருங்க."

வேற ஒண்ணும் கேக்கலை அந்த மனுசன்.

நான் சிரிச்சேன். வா கண்ணு, பத்து நாள்ல ஓட்டிக் காட்டறேன், கலீல் கை வெச்சு ஓடாத இன்ஜின் இல்லைன்னேன்.

மறுநாளே அடிப்பக்கத்து நட்டைக் கழட்டினேன். முதல்ல ஒண்ணும் வரலை. அப்புறம் தார் மாதிரி கட்டியா, கறுப்பா இறங்க ஆரம்பிச்சது. தட்டு நிறைஞ்சுது. அளந்து பாத்தேன். சரியான அளவு. சொட்டுக்கூடக் குறையலை.

மூடியைப் பிரிச்சேன். என் எழுத்து ரெண்டும் பளிச்சுனு இருந்துச்சு, 91ன்னு வருஷத்தோட. எனக்கப்புறம் யாரும் அதைப் பிரிக்கலைன்னு அதுவே சாட்சி. உள்ளே பேரிங் உருகி ஒட்டியிருந்தது. அந்தப் பேரிங் மூடியில ஒரு சின்னக் கரண்டி இருக்கும். இன்ஜின் சுத்தும்போது அதுதான் அடியிலயிருந்து ஆயிலைக் கோதிப் பேரிங்குக்கு ஊட்டும். கரண்டி வாய் சுத்தற திசையைப் பாத்து இருக்கணும். அந்தக் கரண்டி முதுகைக் காட்டிக்கிட்டு நின்னது. அந்தப் பேரிங் மூடியை நான் திருப்பிப் போட்டிருக்கேன். கீழே ஆயில் முழுசா இருந்தும் பேரிங்குக்கு ஒரு சொட்டுப் போகலை. மூணு மாசம் தாங்கினதே சின்னான் பக்குவமா ஓட்டினதுனாலதான்.

ஸ்டூல்ல உக்காந்துட்டேன். சோத்துக்குக் கூப்பிட வந்த என் சம்சாரம் இஸ்மத் மூஞ்சியைப் பாத்துட்டு என்னன்னு கேட்டா. சொன்னேன்.

"இன்னைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. நடக்கற தூரம்தானே"ன்னா.

சொல்லறேன், வெறுங்கையோட போய் எப்படிச் சொல்லறது, வண்டியை ஓட்டிட்டுப் போய் அவன் வாசல்ல நிறுத்திட்டுச் சொல்லறேன்னேன். அப்ப எனக்கு அது பெருந்தன்மையாத்தான் பட்டுச்சு. இஸ்மத் சோறு ஆறுதுன்னுட்டுப் போயிட்டா.

பேரிங் வார்த்து வாங்கினேன். பிஸ்டன் ரிங்கு ஒட்டியிருந்ததை டீசல்ல நாலு நாள் ஊறப்போட்டு எடுத்தேன். இன்ஜினுக்குப் பொறி தர்ற மேக்னட்டுச் சுருள் எரிஞ்சு போயிருந்தது. அதை இளவேனிலே சுத்திக் கொடுத்துச்சு, முடி மாதிரிக் கம்பியை, ஒரு இடத்துலயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. வேலை விட்டுப் போகும்போதெல்லாம் வந்து நிக்கும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி.

"அப்பா கேட்டாருங்க. ஆயில் இருந்துச்சுங்களா?"

இன்னும் அந்த இடத்துக்கு வரலை கண்ணுன்னு சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. மூணாந்தடவை சொன்னப்போ, சுத்தமாக் கழுவின சம்ப், இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்கிற தொட்டி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பெஞ்சு மேல கவுந்து கிடந்துச்சு. நல்லவேளை, அந்தப் புள்ளைக்கு அது சம்ப்னு தெரியாது.

பதினோராவது நாள் காலையில ஹேண்டிலைப் புடிச்சேன், சின்னான் புடிச்ச மாதிரி, அஞ்சு விரலும் ஒரே பக்கம். ஆறாவது இழுப்புல கிளம்பிருச்சு. சத்தம் சீரா வந்துச்சு. வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நானே ஓட்டிட்டுப் போனேன். எழுபத்தோரு வயசு. ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. என்ன சொல்லணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

இளவேனில் ஊட்டு முன்னாடி சாமியானா அவுத்துக்கிட்டிருந்தாங்க. பிளாஸ்டிக் சேரை அடுக்கி வெச்சிருந்தாங்க. முந்தாநாள் ராத்திரியே சின்னான் போயிட்டான். நேத்து மத்தியானம் எடுத்தாச்சு. எனக்குச் சொல்லணும்னு அந்தப் புள்ளைக்குத் தோணலை. ஏன் தோணணும்?

பெட்ரோலுக்கு மாத்தாமயே இன்ஜினை நிறுத்திட்டேன்.

பொன்னாத்தாள் உள்ளே சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. வழியெல்லாம் சொல்லிப் பாத்ததுல ஒண்ணும் வாயில வரலை. ஆயில் இருந்துச்சுங்க, தப்பு என்னோடதுங்க, கரண்டியை நாந்தான் திருப்பிப் போட்டுட்டேன்னு சொன்னேன். தெரிஞ்சு பத்து நாளாச்சுங்கறதையும் சொன்னேன். சேர் அடுக்கிக்கிட்டிருந்த இளவேனில் கை அப்படியே நின்னுச்சு. என்னைப் பாக்கவே இல்லை.

பொன்னாத்தாள் அழுகலை. கோபப்படவும் இல்லை.

"ஆயில் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா பாய்? அன்னைக்குக் காலையில டப்பாவைப் புடிச்சுக் குடுத்ததே நாந்தானுங்க. எங்கிட்டச் சொல்லி என்னாகுது? சிரிச்சவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மண்ணெண்ணெயில நின்ன வண்டி கிளம்பலை, பட்டறைக்கே இழுத்துட்டு வந்து சரி பண்ணி வெச்சேன். காரியம் முடிஞ்சு அதை எடுத்துட்டுப் போக இளவேனில் வந்துச்சு. அதுவே ஓட்டுச்சு. நான் கூட வரட்டுமான்னேன். வண்டியை முதல் கியர்ல போட்டுச்சு. கோயில் வீதி வழியாத்தான் போச்சு. புள்ளை சீட்டுல உக்காந்திருந்துச்சு, நான் பக்கத்துல நடந்தேன். முட்டிவலிக்கு அந்த வீதி ரொம்ப நீளம்.

வீதிக் கடைசியில டீக்கடை. சிரிச்சவங்கள்ல முக்காவாசிப் பேர் மண்ணுக்குள்ளே. வரதராஜுலு போய் இருபது வருஷம். அன்னைக்கு வரப்புல நின்ன சரவணன் மட்டும் பெஞ்சுல உக்காந்திருந்தார். கண்ணு சரியாத் தெரியறதில்லை, சத்தத்தை வெச்சு இது நம்ம குட்டி டிராக்டர் இல்லையான்னார். ஆமாங்க, ஓட்டிட்டுப் போறது சின்னான் மகள்னேன்.

"யாரு, எண்ணெய் ஊத்தாத சின்னானா?"ன்னார். கிண்டல் இல்லை. அவருக்கு அதுதான் பேரு.

பக்கத்துல உக்காந்து, கரண்டியிலயிருந்து கறுப்பு ஆயில் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "இப்பப் போய் அதெல்லாம் எதுக்குங்க பாய்"னு டீயை உறிஞ்சினார். வண்டிச் சத்தம் அதுக்குள்ளே மேற்குப் பக்கம் போயிருச்சு.

அதனாலதான் சங்கத்துக்காரங்க என் கதையைக் கேட்டப்போ இதை எழுதினேன். மலர் ஆயிரம் பிரதி அடிக்கறாங்களாம். படிக்கறவங்க ஒருத்தருக்காவது எடுத்துச் சொல்லுங்க. ஆயில் இருந்தது. சின்னான் ஊத்தியிருந்தான். கரண்டியைத் திருப்பிப் போட்டவன் கலீல் ரஹ்மான்.