தலைப்பு கம்போடியா

அல்போன்சம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் ஒரு வேலை, வீட்டில் ஒரு வேலை. அது போக மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. பட்டிமன்றத்தில் புருஷன் பேசும்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து முதல் சிரிப்பைச் சிரிக்க வேண்டும், முதல் கைதட்டலைத் தட்ட வேண்டும். கூட்டம் என்பது ஆட்டு மந்தை, ஒன்று போனால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது ஆம்ப்ரோஸின் சித்தாந்தம். அந்த முதல் ஆடாக அவள் இருபது வருஷம் இருந்தாள்.

ஆம்ப்ரோஸுக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பர் வேலை. பேச்சுதான் உயிர். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவார். எழுபத்து நாலில் ‘கம்பத்து வீடா, அடுக்குமாடி வீடா’ என்று தலைப்பு வைத்தபோது, பழைய கிராமத்துக் கூரை வீடான கம்பத்து வீட்டுக்காக அவர் பேசிய பேச்சில் பாதிச் சபை கண்ணைத் துடைத்தது. அதே வாரம்தான் அடுக்குமாடி வீட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒரே மகள் ரோசம்மா. எண்பதில் அவளை லாசரஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாத்தியார், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில் பேச்சு முடிந்தது. யாழ்ப்பாணத்துச் சம்பந்தம் என்று ஆம்ப்ரோஸ் பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். நம்மைத் தோட்டக்காட்டு ஆள், கூலி வம்சம் என்று பார்க்கிற ஊரிலிருந்து மாப்பிள்ளை எடுத்த பெருமை. அல்போன்சம்மாளுக்கு மகள் கடல் தாண்டிப் போகிறாளே என்ற கவலை மட்டும்தான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்திலிருந்து அந்தக் கவலை வயிற்றிலேயே குடியிருந்தது. கடைசியில் எண்பத்து ஏழில் ரோசம்மாவே டிரங்க் கால் போட்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் சிங்கப்பூர் வந்துவிடலாமா என்று கேட்டாள். அந்த வாரம்தான் இந்தியப் பட்டாளம் அமைதி காக்க யாழ்ப்பாணத்தில் இறங்கியிருந்தது. லிட்டில் இந்தியாவில் ஆம்ப்ரோஸ் கடை கடையாக லட்டு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

“எதுக்கும்மா வரணும்? நம்ம பட்டாளம் வந்திருச்சு. இனிமே உன் வீட்டு வாசல்ல ஒரு பயலும் கால் வைக்க மாட்டான். பேசாம இரு!”

ரோசம்மா இருந்தாள். அக்டோபரில் அமைதி காக்க வந்த பட்டாளத்துக்கும் இயக்கத்துப் பையன்களுக்கும் சண்டை மூண்டது. அப்புறம் மூன்று மாதம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. அல்போன்சம்மாள் செபமாலையை உருட்டி உருட்டி விரல் தேய்ந்தாள். ஆம்ப்ரோஸ் மட்டும் தினமும் பேப்பரைப் படித்துவிட்டு, “எல்லாம் அடங்கிடும்” என்றார்.

சனவரியில் கொழும்பிலிருந்து ஒரு பாதிரியார் கூப்பிட்டார். லாசரஸ் இறந்து மூன்று மாதம் ஆகிறது. பட்டாளம் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் சுட்டதில், வாசல் கதவைப் பிளந்துகொண்டு வந்த குண்டு அவர் மேல் பாய்ந்துவிட்டது. யார் சுட்டது என்று யாருக்கும் தெரியாது. ரோசம்மாவும் பிள்ளையும் மாமியாரும் கோயிலில் தஞ்சம் புகுந்திருக்கிறார்கள். வழி திறந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

அல்போன்சம்மாள் தரையில் விழுந்து அழுதாள். ஆம்ப்ரோஸும் அழுதார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் அந்தச் சனிக்கிழமை பொங்கல் விழாப் பட்டிமன்றம் இருந்தது.

அதன் தலைப்பிலும் ஒரு கூத்து. யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் நாக்கு ஊறியது. விழாவை நடத்திய அழகப்பன்தான் பயந்துவிட்டார். “யாழ்ப்பாணம்னு போட்டா வம்பு லா. கம்போடியான்னு போடுவோம். விளங்குறவங்களுக்கு விளங்கும்.” அப்படித்தான் நோட்டீஸ் அடித்தார்கள்: ‘கம்போடியாவில் அமைதி மலர அந்நியப் படைகள் வெளியேற வேண்டுமா, வேண்டாமா?’ வியட்நாம் பட்டாளம் கம்போடியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று காலையில் பேப்பரைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள்தான் எல்லோரும். யாழ்ப்பாணம் என்றால் மட்டும், அது நம்ம பட்டாளமாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். தனக்கு வந்தால் ரத்தம், பிறத்தியாருக்கு வந்தால் தக்காளிச் சட்னி. ‘வேண்டாம்’ என்ற பக்கத்துக்கு ஆள் தேடியபோது ஆம்ப்ரோஸ் தானாகவே கை தூக்கியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஜிப்பாவுக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்து அல்போன்சம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

“என்னங்க, போறீங்களா?”

“பேர் போட்டு நோட்டீஸ் அடிச்சாச்சு. கடைசி நேரத்துல எப்படி வரலைன்னு சொல்றது? நீயும் கெளம்பு. வீட்டுல தனியா உக்காந்து அழப் போறியா?”

எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. கிளம்பினாள். புக்கிட் பாத்தோக் வீட்டிலிருந்து சிராங்கூன் ரோட்டு மண்டபத்துக்கு பஸ் ஏறினார்கள்.

நடுவர் பரமசிவம், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். படைகள் வெளியேற வேண்டும் என்று சிவகாமசுந்தரி டீச்சர் நன்றாகவே பேசினார். பிறகு ஆம்ப்ரோஸ் எழுந்தார்.

“நடுவர் அவர்களே! வீடு பற்றி எரியும்போது தீயணைப்புக்காரன் ஓடி வருகிறான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாய்யா என்று எந்த வீட்டுக்காரனாவது சொல்வானா?”

வழக்கமாக அந்த இடத்தில் அவள் சிரிக்க வேண்டும். சிரிக்கவில்லை. அவர் ஒரு கணம் அவள் பக்கம் பார்த்தார். ஆனால் சபை அவளுக்காகக் காத்திருக்கவில்லை, தானாகவே சிரித்தது. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“தீயை அணைக்கிற அவசரத்தில் கதவு ரெண்டு உடையத்தான் செய்யும்! உடைந்த கதவைக் காட்டி, வந்தவனை வெளியே போ என்றால் மிச்ச வீட்டையும் நெருப்புத் தின்றுவிடாதா?”

கைதட்டல் கூரையைப் பிடுங்கியது. இந்த மனுஷன் கம்போடியாவுக்காகவும் பேசவில்லை, யாழ்ப்பாணத்துக்காகவும் பேசவில்லை, ‘பேசாம இரு’ என்று போனில் சொன்ன தன் வாய்க்காகத்தான் வாதாடுகிறார் என்று அப்போதுதான் அல்போன்சம்மாளுக்குப் புரிந்தது. பட்டாளம் வந்தது தப்பென்றால் அவர் சொன்னதும் தப்பாகிவிடும். அதை ஒப்புக்கொள்வதற்குப் பதில் மருமகனின் சாவையே உவமையாக்கிவிட்டார். அவள் எழுந்து நின்றாள்.

“அந்தக் கதவு யார் வீட்டுக் கதவுன்னு சொல்லிட்டுப் பேசுங்க!”

சபை திரும்பிப் பார்த்தது. ஆம்ப்ரோஸ் மைக்கைப் பிடித்தபடி நின்றார். நடுவர் பரமசிவம் மணியைத் தட்டி, பொறுமையாகச் சொன்னார்:

“அம்மா, தலைப்பு கம்போடியா. தலைப்புக்குள்ள நிக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தெரிந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். புருஷனுக்குப் பக்கவாத்தியமாக ஏதோ எடுத்துக் கொடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸ் மிச்ச நேரத்தையும் பேசி முடித்தார். படைகள் வெளியேறத்தான் வேண்டும், ஆனால் இப்போது அல்ல என்று பரமசிவம் மதில்மேல் பூனையாகத் தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் பொன்னாடை போர்த்தினார்கள்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பட்டிமன்றத்துக்கும் போகவில்லை. வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் குறைந்துபோனது.

ரோசம்மா சிங்கப்பூர் வந்து சேர எண்பத்து ஒன்பது கடைசி ஆகிவிட்டது. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வந்தாள். முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. பட்டாளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலேறுகிறது என்று அப்போது பேப்பரில் வந்துகொண்டிருந்தது. ஆம்ப்ரோஸுக்கு மகளிடம் கேட்க வேண்டியது வேறு. இருன்னு நான் சொன்னது தப்பாம்மா என்று கேட்க வேண்டும். அதற்கு வாய் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வேறொன்றைக் கேட்டார்.

“அங்க இருந்தவ நீ. நீயே சொல்லும்மா. பட்டாளம் போறது நல்லதா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது நல்லதா?”

“போகட்டும்பா.”

“போனா மறுபடி சண்டை வராதா?”

“வரும்.”

“வரும்னு நீயே சொல்றே. அப்புறம் ஏன் போகணுங்கிறே?” பழைய பட்டிமன்றக் குரல் மெல்ல எட்டிப் பார்த்தது.

ரோசம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “எங்க வீட்டுலதான்பா அவங்க காம்ப் போட்டிருக்காங்க. அவர் பின்பக்கம் கெணத்தடியில கெடக்கார். அன்னைக்கு ஊரடங்கு, வெளிய தூக்கிட்டுப் போக முடியல. அவங்க போனாத்தான் அவரை எடுத்துக் கல்லறைத் தோட்டத்துல வைக்க முடியும். அதுக்காக நான் திரும்பிப் போறேன். சண்டை வந்தா வரட்டும்.”

அல்போன்சம்மாள்தான் கேட்டாள்.

“குழி யாரும்மா வெட்டினது?”

“நானும் மாமியும்.”