மூன்று வருஷப் புல்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லாருக்கும் செக்கரம்மாதான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பார்வை போகவில்லை. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். காஸ் சிலிண்டரைக் கையால் அசைத்துப் பார்ப்பார். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று யாராவது கேட்டால், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்து, "அம்மா, வாசல்ல இருக்கற ரோஜாவையெல்லாம் எடுத்துட்டுப் புல்லு வைக்கலாம்" என்றாள்.

"புல்லா?"

"அழகுப் புல்லும்மா. குத்துக்குத்தா வளரும், காத்துல ஆடும். பாக்கவே நல்லா இருக்கும்."

"மாடு இல்லாத வீட்டுக்குப் புல்லு. சரி."

சரி என்றாரே தவிர, சரியாகப் படவில்லை. நாற்பது வயதுவரை ஒரு செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அறியாத பெண். போன வாரம்தான் மாப்பிள்ளை, யாரும் சொல்லாமலே, கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். அதற்கு முன், செக்கரம்மா கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், தோளில் பை மாட்டிய ஒரு பெண் வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போனாளாம். எதிர்வீட்டுக்காரி சொன்னாள். யார் என்று கேட்டதற்கு, "ஃப்ரெண்டும்மா" என்றாள் மகள், ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

பின்தெருவில் ஒரு வீடு இப்படித்தான் போயிற்று. முதலில் பெயின்ட், அப்புறம் வாசலில் பூந்தொட்டி, அப்புறம் 'விற்பனைக்கு' என்று பலகை. அந்த வீட்டுப் பெரியவர் இப்போது மகனுடைய ஹால் சோபாவில் படுக்கிறார். எல்லாரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் அவருக்கு ராத்திரி.

செக்கரம்மாவின் வீடு அவர் பெயரில் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் நின்று நின்றே சம்பாதித்துக் கட்டியது. மகளும் மாப்பிள்ளையும் கூட இருப்பது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மகள் வேலை பார்த்த கம்பெனியை மூடி ஏழு மாதமாகிறது. இரண்டு பேரும் அறைக்குள் குசுகுசுவென்று பேசுவார்கள். அவர் தலை தெரிந்தால் பேச்சு மழைக்கு மாறிவிடும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாசல் வெறிச்சென்று இருக்கிறதாம், அதற்குப் புல்லாம்.

நேராகக் கேட்டிருக்கலாம். அது அவர் வழக்கமில்லை. "டிக்கெட் வாங்கினியா?" என்று கேட்டால் எல்லாரும் வாங்கினேன் என்றுதான் சொல்வார்கள். "எங்க ஏறினே?" என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கே மூன்று பேரும் நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரர் தொட்டி தொட்டியாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஆள் உயரம் போய் உச்சியில் வெள்ளை இறகு விடும் பாம்பாஸ். நரிவால் மாதிரி கதிர் வளைந்து தொங்கும் ஃபவுண்டன் கிராஸ். வெள்ளைக் கோடு போட்ட வரிப்புல். தரையோடு கருகருவென்று கிடக்கும் மாண்டோ.

செக்கரம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "இதுல எது வளர ரொம்ப நாளாகும்?"

"எல்லாரும் சீக்கிரம் வளர்றதைத்தாம்மா கேப்பாங்க."

"நான் கேக்கறதைச் சொல்லுங்க."

அவர் மாண்டோவைக் காட்டினார். "இது சோம்பேறி. முதல் வருஷம் வச்சது வச்சபடி கிடக்கும். ரெண்டாவது வருஷம் செத்துப்போச்சோன்னு தோணும். மூணாவது வருஷம்தான் தரையை மூடும்."

அதுதான் வேண்டும். மூன்று வருஷம் பொறுக்கச் சம்மதித்தால் மகள் இந்த வீட்டில் இருக்கப்போகிறாள். பொறுக்காவிட்டால் விற்கப்போகிறாள். பஸ்ஸிலேயே இவ்வளவு சுத்தமாக அவர் யாரையும் மடக்கியதில்லை.

"இதையே வச்சிடலாம். மூணு வருஷத்துல ஜோரா வந்துடுமாம்."

"மூணு வருஷமா? வேணாம்மா. பத்து நாள்ல பாக்க நல்லா இருக்கணும்."

"பத்து நாள்ல யாரு வர்றா, மந்திரியா?"

மகள் காதில் விழாததுபோல் பாம்பாஸைத் தள்ளிவைத்தாள். "இதுவும் வேணாம். இவ்வளவு உயரம் இருந்தா உள்ளேர்ந்து வாசல் கேட்டு தெரியாது." பிறகு நரிவாலின் ஒரு இலையை விரலில் சுற்றிக்கொண்டே, "அண்ணே, இதை வாயில வச்சா ஒண்ணும் பண்ணாதே?" என்றாள்.

மற்றதெல்லாம் பொருந்திற்று. இது மட்டும் பொருந்தவில்லை. வீடு வாங்க வருகிறவன் எதற்குப் புல்லைக் கடித்துப் பார்க்கிறான்?

நரிவாலும் வரிப்புல்லும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு ரோஜாவைப் பிடுங்க ஆரம்பித்தார். செக்கரம்மா கேட்டில் சாய்ந்து நின்று, சாதாரணமாகக் கேட்டார்.

"எப்ப வர்றாங்க?"

"அடுத்த புதன்..." மகள் நிறுத்தினாள். மாப்பிள்ளை மண்வெட்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எத்தனை பேரு?"

"ஒரு மேடம்தான். சுத்திப் பாத்துட்டுப் போயிடுவாங்க."

"வீடு யார் பேர்ல இருக்குன்னு அந்த மேடத்துக்குத் தெரியுமா? நான் கையெழுத்துப் போட மாட்டேன். விக்கறதுக்கு வேற வீடு பாருங்க."

"விக்கறதா? யாரும்மா வீட்டை விக்கறது?"

"பின்ன எதுக்குடி பெயின்ட்டு, புல்லு, பத்து நாளு?"

மகள் படியில் உட்கார்ந்தாள். "பிள்ளைங்களைப் பாத்துக்கற இடம்மா. வேலைக்குப் போறவங்க காலைல விட்டுட்டு சாயங்காலம் கூட்டிட்டுப் போவாங்க. எட்டுப் பிள்ளைங்க. ஹாலும் முன்ரூமும் போதும். லைசென்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி வந்து பாப்பாங்க. முள்ளு இருக்கக் கூடாது, கடிச்சா விஷம் இருக்கக் கூடாது, செடிக்குப் பின்னால பிள்ளை மறையக் கூடாது. அன்னைக்கு வந்தவ இதே மாதிரி ஒண்ணு நடத்தறா. வழி கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"என் வீட்ல. என்கிட்ட சொல்லாம."

"சொன்னா மாட்டேன்னுவே."

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டுப் பிள்ளை என்றால் எட்டு அழுகை, பதினாறு செருப்பு. ஹாலில் அவருடைய நாற்காலிக்கு இடம் இருக்காது. சோபாவில் படுக்கிற பெரியவர் நினைவுக்கு வந்தார். மகள் போய்வந்த இன்டர்வியூக்களும் வந்தன. இஸ்திரி போட்ட புடவையில் போவாள். வந்ததும் புடவையை மாற்றாமலே சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் தேய்ப்பாள்.

மறுநாள் காலை, இன்னும் நடாத தொட்டிகளுக்கு நடுவே செக்கரம்மா குந்தியிருந்தார். வரிப்புல்லின் ஒரு இலையை மணிக்கட்டில் வைத்து இழுத்தார். மெல்லிய சிவப்புக் கோடு விழுந்தது.

"இது வேணாம். பிளேடு மாதிரி இருக்கு. திருப்பிக் குடுத்துட்டு நரிவாலே வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை."

"அப்போ சம்மதமாம்மா?" என்றாள் மகள்.

"புல்லைப் பத்திப் பேசிட்டிருக்கேன்." அந்தத் தொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, "என் ரூம் பக்கம் ஒரு வாண்டு வரக் கூடாது. என் நாற்காலி நகரக் கூடாது. எட்டுன்னா எட்டு. ஒன்பதாவது வந்தா வாசல்லயே இறக்கி விட்டுடுவேன்" என்றார்.

"சரி அத்தை" என்றார் மாப்பிள்ளை, மகளுக்கு முந்திக்கொண்டு.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள், வீட்டுச் சொந்தக்காரர் தர வேண்டிய சம்மதப் பத்திரத்தை மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை அதிகாரி வந்தார். ஹாலை எட்டிப் பார்த்தார், முன்ரூம் ஜன்னலைத் தொட்டார், வாசலில் நின்று, "புல்லு அழகா இருக்கே" என்றார். அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிட்டார். முன்படியில் ஏறிப் பின்படியில் இறங்கிப் போகிற பரிசோதகர்களைச் செக்கரம்மாவுக்கு ஆகாது. பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"பின்பக்கம் பாக்கலியே மேடம்."

"பாக்கணுமாம்மா?"

"தண்ணித் தொட்டி இருக்கு. பலகைதான் போட்டு மூடியிருக்கு. ரெண்டு வயசுப் பிள்ளை தள்ளினா நகரும்."

அதிகாரி போய்ப் பலகையைக் காலால் தள்ளினார். நகர்ந்தது. பேனாவை மூடினார். பூட்டு வைத்த இரும்பு மூடி போட்டுவிட்டுச் சொல்லுங்கள், மறுபடி வருகிறேன் என்று போய்விட்டார்.

கேட் சாத்துகிற சத்தம் அடங்கியதும் மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"வேணும்னுதானே பண்ணினே?"

"என்னது?"

"நேத்து கையெழுத்துப் போட்டு நல்ல பேரு வாங்கிட்டே. இன்னைக்கு நீயே போட்டுக் குடுத்துட்டே. உனக்கு இதுல இஷ்டமே இல்ல."

மற்றவர்களைச் சந்தேகப்பட்டே பழகியவருக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரியவில்லை. எதைச் சொன்னாலும் மாட்டிக்கொண்டவன் பேச்சாகவே இருக்கும் என்று பட்டது. இஷ்டமில்லைதான், பாதி. ஆனால் பலகை நகருமே.

"மாப்பிள்ளை, அந்த வெல்டிங்காரருக்கு ஒரு போன் போடுங்க."

"நாளைக்கு வரச் சொல்லட்டுமா அத்தை?"

"நாளைக்குன்னா அடுத்த வாரம்தான் வருவார். இப்பவே பேசுங்க, அளவு நான் சொல்றேன்."

தொட்டியருகே குனிந்து டேப்பை வைத்தார். மகள் பின்னாலேயே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அம்மா அளவைக் குறைத்துச் சொல்கிறாளா என்று பார்க்க.