நான் குடிக்காத பண்டோங்

எனக்குப் பால் ஆகாது. இன்று என் மகள் அதற்கு ‘லாக்டோஸ்’ என்று ஏதோ பெயர் சொல்கிறாள். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் மலாக்காவின் காஜா பெராங்கில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. ஒரு வாய் குடித்தால் போதும், வயிறு கடமுடவென்று உருள ஆரம்பிக்கும். அப்புறம் கக்கூஸைத் தேடி ஓட வேண்டியதுதான். இதை வெளியில் மூச்சு விடக் கூடாது என்று அம்மாவின் கட்டளை. “வயித்துக் கோளாறு புடிச்ச பொண்ணுன்னு பேர் வந்துட்டா எவன் கட்டுவான்?” என்பாள்.

என் சித்தி மகள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். என்னைவிட ஒரு வயது இளையவள். அவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். டின் பாலை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, கரண்டியை வேறு வழித்து நக்குவாள், அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால் குடித்துக் குடித்து அவள் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தன. நான் பால் போடாத வெறும் கோப்பி-ஓ குடித்துக் குச்சியாக நின்றேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவள் கன்னத்தைத்தான் கிள்ளுவார்கள்.

அந்த வருஷம் கடலோரத் திடலில் ஃபன்பேர் போட்டிருந்தார்கள். எனக்கு உஜோங் பாசிரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது, பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனால் அக்கம்பக்கத்தார் வாயில் விழ வேண்டும். அதனால் ஃபன்பேரில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்துக்கொள்வது என்று இரண்டு அம்மாக்களும் பேசி வைத்திருந்தார்கள். ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் வாங்கிய மாம்பழ நிறச் சேலையை அம்மா எனக்குக் கட்டிவிட்டாள். துணைக்குச் சித்தி மகள். அவளை எதற்குத்தான் கூட்டிக்கொண்டு போனோமோ!

அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? கூட்டத்தில் செருப்பு கழன்று அழுத ஏதோ ஒரு சின்னப் பிள்ளைக்குக் குனிந்து அதை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கட்டினால் இவரைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய அம்மா எங்களை நேராகத் தண்ணீர்க் கடைக்கு அழைத்துப் போனார். ரோஜா சிரப்பில் ஐஸும் டின் பாலும் கலந்த பண்டோங்தான் அங்கே பிரசித்தம். கடைக்காரி எங்கள் வீட்டுப் பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்காரி. கோயிலுக்கு எங்களோடு வருவாள், பேச்சு மட்டும் மலாய். என் வயிறு அவளுக்குத் தெரியும். பால் இல்லாமல்தானே என்று என்னிடம் கேட்க வாயெடுத்தவளை அம்மா ஒரே பார்வையில் அடக்கினாள். அவருடைய அம்மா எல்லாருக்கும் பண்டோங் சொல்லி, ஒரு கிளாஸில் மட்டும் பாலைத் தாராளமாக ஊற்றச் சொன்னார். அதைத் தன் கையாலேயே என்னிடம் நீட்டினார்.

“குடிம்மா.”

அம்மா என் காதோரம் வந்தாள். “குடிச்சுத் தொலை. டின் பால் என்ன மாட்டுப் பாலா? மெஷின் பால். ஒன்னும் பண்ணாது.”

ஒன்றும் பண்ணாதாம்! இதைக் குடித்துவிட்டு அடுத்து எல்லாருமாக ராட்டினத்தில் ஏறுவதாக ஏற்பாடு. உச்சியில் போய் அது நின்றுவிட்டால், அதுவும் அவர் பக்கத்தில், என் கதி என்ன? கிளாஸை வாங்கினேன். வாசனை மூக்கில் ஏறியதும் வயிறு பயந்துவிட்டது. மேசையில் வைத்துத் தள்ளினேன்.

“வேணாங்க.”

“ஒரு வாயாவது குடிம்மா.”

“இல்லங்க, எனக்கு வேணாம்.”

ஏன் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. “அக்காவுக்கு வேணாம்னா நான் குடிக்கிறேன். வீணாப் போகுமே!” ஏற்கெனவே தன்னுடையதைக் காலி செய்திருந்தவள், என்னுடையதையும் மடக் மடக்கென்று குடித்தாள். மேலுதட்டில் ரோஸ் நிற மீசை. அவர் சிரித்துவிட்டார். அடிப் பாவி, அது என் கிளாஸ்!

அடுத்த வாரம் சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது கிளாஸையும் குடித்த பெண்ணைத்தான் கேட்டார்கள். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோது கிண்ணத்தை ஏந்தி நின்றது நான்தான். அதையும் அவள் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

எனக்கும் பிறகு கல்யாணமானது. நல்ல மனுஷர், குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனாலும் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் சித்தி மகளும் வாத்தியாரும் இருக்கும் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வயிறு எரியும். கன்னத்தைப் பார்த்து மயங்கின ஆள்தானே என்று கருவிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். போகாமலும் இருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இடுப்பு வலி என்று உள்ளே படுத்திருந்தாள். அவரே கோப்பி கலக்கி வந்தார். தனக்குப் பால் போட்டு, எனக்குக் கோப்பி-ஓ. நான் கேட்கவே இல்லை.

“உங்களுக்குத்தான் பால் ஆகாதே அண்ணி,” என்றார். “உங்க தங்கச்சி சொல்லியிருக்கா.” கிளாஸைச் சுழற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். “அன்னிக்கு எங்களுக்கு அது தெரியாது. எங்க பக்கத்துல பொண்ணுகிட்ட சம்மதமான்னு வாயால கேக்க மாட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா பால் குடுப்பாங்க. குடிச்சா சம்மதம். தள்ளி வச்சா மனசில்லன்னு அர்த்தம். நீங்க தள்ளி வச்சீங்க, உங்க தங்கச்சி எடுத்துக் குடிச்சா. புடிக்காத பொண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்குத்தான் சோறு இறங்கல.”

ஐயோ, இத்தனை வருஷமும் ஒருத்தியின் கன்னத்தைச் சபித்துக்கொண்டிருந்தேனே!

“மனசு இருந்துச்சு,” என்றேன். “வயிறுதான் கேக்கல.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் போனால், எந்த வலி இருந்தாலும் அவளே எழுந்து எனக்குக் கோப்பி கலக்குகிறாள். அவரைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை. எரிகிறது அவளுக்கு. எரியட்டும், இதுவரை எரிந்தது நான்தானே.

போன மாதம் அந்தக் கோப்பியில் டின் பாலை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். “மறந்துட்டேன்க்கா,” என்றாள். மறக்கிறவளா அவள்? அவர் எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார். இன்னொரு தரம் அவர் முன்னால் பாலைத் தள்ளி வைக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்று சாயங்காலம் முழுக்க என் வயிறு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.