ஏரிக்குள்ள இருந்த என் பிளவுஸ் கடை

ஸ்டாண்டுல இழுத்துக் கட்டின பட்டுத்துணியில ஆரி ஊசி இறங்கினா டொப் டொப்புனு ஒரு சத்தம் வரும். அந்த வருஷம் எங்க வீட்ல கேட்ட ஒரே சத்தம் அதுதான்...

வீட்டுக்காரருக்கு வேலை போயிருந்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல அவர் இருந்த கம்பெனியை மூடிட்டாங்க. காலையில குளிச்சு, சட்டையை இன் பண்ணி, வாட்ச் கட்டிக்கிட்டு... ஹால்ல சேர் போட்டு உட்கார்ந்துடுவார். அவ்ளோதான். டீக்கடைக்குக் கூட போகமாட்டார். போனா யாராவது "இன்னாபா, வேலை இன்னா ஆச்சு?"ன்னு கேட்பாங்களாம்.

நான் எதைக் கேட்டாலும் "ம்". சோறு போட்டா "போதும்". கோவமா கத்தினா கூட பதிலுக்குக் கத்திட்டுப் போயிடலாம். பேசாத மனுஷனை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுனு தெரியல. எனக்கு பயமாவே இருந்துச்சு.

நான் ஆரி ஒர்க் பிளவுஸ் தைச்சுக்கிட்டிருந்தேன். கஸ்டமர்னா எங்க தெரு, பக்கத்துத் தெரு. அப்பதான் என் தம்பி ஒரு ஞாயித்துக்கிழமை வந்து, "இப்டியே ஊட்ல குந்திகினு தைச்சா யாருக்குக்கா தெரியும்? ஆன்லைன்ல போடு"ன்னான். பேஜ் ஆரம்பிச்சான், ஸ்டேட்டஸ் வைக்கக் கத்துக்குடுத்தான், மேப்புலயும் கடையைச் சேர்த்துட்டான்.

அட்ரஸ் கேட்ட இடத்துல "அயனம்பாக்கம் ஏரி அருகில்"னு அடிச்சிட்டான். இங்க எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்? மேப்பு ஏரியை மட்டும் புடிச்சுக்கிச்சு. சிவப்புக் குறி நட்டநடுத் தண்ணியில போய் நின்னுச்சு. எங்க யாருக்கும் இது தெரியாது.

முதல் போன் ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருக்கற ஒரு திருநெல்வேலிக்கார அம்மாகிட்ட இருந்து. "எக்கா, மேப்பு நேரா போகச் சொல்லுது... நேரா தண்ணில்லா கெடக்கு?"

சிரிப்பும் வருது, அழுகையும் வருது. கையில ஜரி நூல். பாதிப் பூவுல விட்டா போட்ட தையலெல்லாம் உருவிக்கிட்டு வந்துடும். "ஏங்க, கொஞ்சம் போய் அவங்களைக் கூட்டிட்டு வாங்களேன்"னேன். மனசே இல்லாமதான் வண்டிச் சாவியை எடுத்தார்.

இவர் முன்னாடி வண்டியில, அந்தம்மா பின்னாடி ஸ்கூட்டியில. வந்தாங்க, அளவு பிளவுஸ் குடுத்தாங்க, டிசைன் பார்த்தாங்க, போனாங்க. போனப்புறம் இவர் கதவோரம் நின்னுக்கிட்டு சொல்றார்...

"அவங்க ஊட்டுக்காரர் ஃபேக்டரில வெல்டராம் சுமதி. பொண்ணுக்கு வளைகாப்பாம். பாவம், வழி தெரியாம கரையில முழிச்சுகினு நிக்கிறாங்க."

சேர்ந்தாப்ல இவ்ளோ வார்த்தை அவர் வாயில இருந்து வந்து எத்தனையோ மாசம் ஆச்சு. நான் ஊசியையே பார்த்துக்கிட்டிருந்தேன். நிமிர்ந்தா அழுதிருப்பேன்.

அப்புறம் ஸ்டேட்டஸ்ல போட்ட ஒரு கல்யாண பிளவுஸ் போட்டோ குரூப் குரூப்பா சுத்துச்சு. போன் வர ஆரம்பிச்சது. எல்லாரும் ஏரிக்கரையிலதான் வந்து நிப்பாங்க. "அங்கயே இருங்க, ஆள் வருவாரு"ன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள இவர் செருப்பு மாட்டியிருப்பார்.

தினமும் ஷேவ் பண்ண ஆரம்பிச்சார். கஸ்டமரோட துணைக்கு வர்ற ஆம்பளைங்க வாசல்ல சும்மா நிப்பாங்க இல்லையா... அவங்களை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போவார். யாருக்குக் கல்யாணம், எந்த மாமியார் மூக்கை நுழைப்பாங்க, எல்லா தகவலும் நான் டேப் எடுக்கறதுக்கு முன்னாடியே எனக்கு வந்துடும்.

தம்பிக்கு விஷயம் தெரிஞ்சப்போ தலையில அடிச்சுக்கிட்டான். "கடை தண்ணிக்குள்ள கீதுக்கா. மீனுக்கா பிளவுஸ் தைக்கிற? போனைக் குடு, ரெண்டு நிமிஷம்."

"இருக்கட்டும்டா."

"இன்னா இருக்கட்டும்? திட்டிட்டுப் போறாங்க பாரு"ன்னு ஒரு ரிவ்யூவைக் காட்டினான். ஃபேக் லொகேஷன்னு எழுதி ஒத்தை ஸ்டார். வாஸ்தவம்தான். கரை வரைக்கும் வந்துட்டு கடுப்பாகித் திரும்பிப் போனவங்க இருக்காங்க. அதுல ஒன்னு நல்ல கல்யாண ஆர்டர். ஆனா உள்ள ரூம்ல இவர் தலையை வாரிக்கிட்டே ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டிருந்தார். நான் தம்பிகிட்ட பேச்சை மாத்திட்டேன்.

அந்த டீக்கடையில பழக்கமான ஒருத்தர் மூலமாத்தான் பூந்தமல்லி பக்கம் ஒரு குடோன்ல இவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைச்சது. சேர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் போனைக் கேட்டு வாங்கினார். மேப்பைத் திறந்து, பெருசு பண்ணி, அந்தச் சிவப்புக் குறியைத் தண்ணியில இருந்து மெதுவா இழுத்துட்டு வந்து எங்க வாசல்ல வெச்சார்.

"நாளைலருந்து கூட்டியார நான் இருக்க மாட்டேன்ல. வர்றவங்க தவிப்பாங்க."

"இது எப்படி மாத்தறதுனு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே தெரியும்"னார். போன்ல இருந்து நிமிரவே இல்ல.



இப்போ எல்லாமே வேற... ரீல்ஸ் போடறோம், காசு கட்டி விளம்பரம் போடறோம். "பிரைஸ் ப்ளீஸ்"னு வந்தா ஆட்டோ ரிப்ளை போயிடும். ஏ.ஐ.ல போட்டா, தைக்காத பிளவுஸை மாடல் போட்டுக்கிட்டு நிக்குது. அளவு பிளவுஸ் கூரியர்ல வருது. நேர்ல வர்றவங்க கார் கரெக்டா எங்க கேட்டாண்ட நிக்கும். யாரும் வழி கேட்கறதில்ல, யார் வீட்டு விசேஷம்னு எனக்கும் தெரியறதில்ல. வியாபாரம் நல்லா போகுது, குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் அந்த மேப் ஆப்பே கேட்டுச்சு, உங்கள் கடையின் இடம் சரியாக உள்ளதான்னு. சரின்னு அழுத்திட்டு, பக்கத்துல இருந்த அந்த நீலத் திட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்...

அன்னிக்கே தம்பி சரியான இடத்துல போட்டிருந்தா பிளவுஸ் இன்னும் நிறைய வித்திருக்கும். என் வீட்டுக்காரர் எனக்குத் திரும்பக் கிடைச்சிருப்பாரான்னுதான் தெரியல.