சேச்சி சொன்ன 'களயல்லே'

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. என் கணவருக்கு அங்கே ஒரு மிளகுக் கிடங்கில் வேலை. கால்வாயை ஒட்டிய சந்தில் நாங்கள் குடியேறி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

மழை வந்தால் போதும், அந்தக் கால்வாயின் கரை சரியும். எதிர்வீட்டில் மீன் விற்கும் சேச்சியின் அடுப்படிக்குள் தண்ணீர் வந்துவிடும். அதிகாரிகள் கான்கிரீட் சுவர் கட்டித் தருகிறோம் என்றார்களாம். சுவர் எழுந்தால் சந்தில் பெய்யும் மழை வடிய வழியில்லாமல் வீடுகளில் தேங்கும், கரையோர மீனும் நண்டும் போய்விடும் என்று சந்துக்காரர்கள் கூடிப் பேசி, செடி நட்டே கரையை நிறுத்திக் காட்டுகிறோம் என்று அவகாசம் வாங்கியிருந்தார்கள். நட்டவை வேர் பிடித்தனவா என்று மழைக்கு முன் அதிகாரிகள் பார்க்க வருவார்கள். பிடிக்கவில்லையென்றால் சுவர்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். நானும் வலியப் போய் நின்றேன். அருப்புக்கோட்டைப் பக்கம் கடலைக் காட்டில் களையெடுத்து வளர்ந்தவள், சும்மா இருக்க முடியுமா? சேற்றில் நீட்டிக்கொண்டிருந்த செடிகளைக் காட்டி, "மோளே, கண்டல் களயல்லே, கேட்டோ" என்று சொல்லிவிட்டு, சேச்சி எல்லாருக்கும் சாயா போடப் போனார்.

'அல்லே' என்றால் 'இல்லையா' என்று அதற்குள் எனக்குப் பழகியிருந்தது. இந்தக் கண்டல் களைதானே என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டேன். பெரிய மனுஷிபோல, "ஆமா சேச்சி, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

மற்றவர்கள் அந்தக் கோடியில் பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் முழுவதையும் மழித்துவிட்டேன். முருங்கைக்காய் மாதிரி நீளத் தண்டு, நுனியில் நாலு இலை. வேரோடு சுலபமாக வந்தன. என் வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமை!

தூக்குவாளியோடு வந்த சேச்சி குவியலைப் பார்த்ததும் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கும்பளங்கியில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து பஸ்ஸில் சுமந்து வந்து அவர் நட்டவையாம். "களயல்லே என்னல்லே ஞான் பறஞ்ஞது?" என்றார். பக்கத்து வீட்டு ஆட்டோ சேட்டன்தான் எனக்கு விளக்கினார். கண்டல் என்றால் அலையாத்தி. 'களயல்லே' என்றால் 'பிடுங்கி எறிந்துவிடாதே'.

கூசிப்போனேன். "களைதானேன்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன் சேச்சி..." என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ, "மீட்டிங்கினு நிங்களெ விளிச்சில்லல்லோ மோளே. தெற்று ஞங்ஙளுடெயாணு" என்றார். கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடவே இல்லையே, தப்பு எங்களுடையதுதான் என்று. பிடுங்கியது நான், பழியை ஏற்றுக்கொண்டது அவர்.

பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார். கடல் ஏறிக் கால்வாய் நிறைவதற்குள் திரும்ப நட்டாக வேண்டும். மொத்தச் சந்தும் சேற்றில் இறங்கியது. கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் என் கையில் தந்தார், நான் ஊன்றினேன். சாயா ஆறிப்போனது.

சில கன்றுகள் பட்டுப்போயின. பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. அதிகாரிகள் வந்து பார்த்து, சுவர் வேலையைத் தள்ளிவைத்தார்கள். அந்த மழையிலும் சேச்சியின் அடுப்படிக்குத் தண்ணீர் வந்தது, ஆனால் கரை சரியவில்லை.

இப்போது அவை என் தோள் உயரம். சந்தில் எந்தக் கூட்டமானாலும் சேச்சியே எங்கள் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார். பேசி முடித்ததும், "மனசிலாயோ மோளே, அதோ இதும் களயாணோ?" என்று, புரிந்ததா இல்லை இதுவும் களைதானா எனக் கேட்டு என் மானத்தை வாங்குவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். புரியாமலே தலையாட்டிய என்னைப் பிடுங்கி எறியாமல், அந்தக் கன்றுகளோடு சேர்த்து அவர்கள் ஊன்றிவைத்ததை ஒவ்வொரு மழைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.