நகத்தின் வேருக்கு வைத்த மருந்து

அப்போது பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் காலில் ரப்பர் பூட்ஸ். வலது பெருவிரல் நகம் ஓரத்துச் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்தது. முன்பு பிடுங்கிப் பார்த்தாயிற்று, மறுபடியும் அப்படியேதான் வளர்ந்தது.

எங்கள் பையன் பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டிருந்தான். வீட்டில் நானும் மனைவியும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசிக்கொண்டோம். விரல் வீங்கியதை அவள்தான் கவனித்தாள்.

"ஏனுங்க, கோயமுத்தூருக்கே போய்க் காட்டிப்போடலாங்க."

டாக்டர் பெரியவர். "சும்மா பிடுங்குனா திரும்ப வரும் தம்பி. ஓரத்தை மட்டும் வெட்டிட்டு வேருல பீனால்னு ஒரு மருந்து வெச்சுடறேன். அந்தப் பக்கம் இனி மொளைக்காது."

"எப்பவுமேங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எப்பவுமேதாம்மா. வேரே செத்துப்போயிரும்."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

விரலின் இரு பக்கமும் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தம் வராமலிருக்க அடியில் ரப்பர் பட்டையை இறுக்கினார். நகத்தின் ஓரத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்தார். குச்சியில் சுற்றிய பஞ்சை மருந்தில் தோய்த்து உள்ளே வைத்துத் தேய்த்தார். கழுவிய ஆஸ்பத்திரித் தரையின் வாசனை. சதை வெளுத்தது. யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

பையனைப் புதைத்துவிட்டு வந்த அன்று, "எப்படி இருக்கறே?" என்று கேட்டவர்களுக்கும் "ஒண்ணுமில்லீங்க" என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை. ஒரு வலியும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பல வாரம் புண்ணில் நீர் கசிந்தது. தினமும் சாயங்காலம் அவள் வெந்நீரில் கழுவித் துணி கட்டினாள். ஒருநாள் கட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"அவனுக்கு நகமெல்லாம் முழுசா இருந்துச்சுங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"பாத்தேன் கண்ணு. சுண்டுவிரல்ல இத்துனூண்டு."

அவன் போன பிறகு அவனைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் முதல் முறை. அவள் அழுதாள். எனக்கு வரவில்லை. அவிழ்ந்த துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புண் ஆறியது. நகம் ஒடுங்கலாக நின்றுவிட்டது, வலி போயே போய்விட்டது. தை மாதம் ஒரு காலையில் லாரியிலிருந்து குஞ்சுப் பெட்டிகளை இறக்கும்போது, ஒரு காரணமும் இல்லாமல் எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசி விழுந்துவிட்டதென்று நினைத்து ஒருவர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு மிச்சப் பெட்டிகளையும் இறக்கினேன்.