பிரஷர் மாத்திரை

எனக்கு ரத்தக் கொதிப்பு கிடையாது. ஆனாலும் கல்யாணமாகி வில்லாபுரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், என்னைப் பிரஷர்காரி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். நம்ப வைத்தவர் என் கணவர். பெண் பார்த்துவிட்டுப் போனதுமே அவரைத் தனியாகச் சந்தித்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். எனக்கு இருப்பது பைபோலார். சில சமயம் மனம் தலைகால் தெரியாமல் பறக்கும், சில சமயம் படுக்கையை விட்டு எழவே விடாது. லித்தியம் மாத்திரைதான் அதை ஒரு நிலையில் வைத்திருக்கிறது, அதை நிறுத்த முடியாது. பொறுமையாகக் கேட்டவர், "எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அம்மாட்ட மட்டும் பிரஷர் மாத்திரைன்னு சொல்லிக்குவோம்" என்றார்.

எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. பிரஷர் மாத்திரையை விருந்தாளிகள் முன்னால்கூடப் போடலாம். "எனக்கும் இருக்கு" என்று அவர்களும் பையைத் திறப்பார்கள். என் மாத்திரையின் உண்மைப் பெயரைச் சொல்லியிருந்தால் பேச்சு நின்றுபோயிருக்கும்.

மாமா பிரஷரில்தான் போய்ச் சேர்ந்தார். "சொல்லச் சொல்லக் கேக்காம கருவாட்டையும் ஊறுகாயையும் தின்னே போனாரு" என்பார் அத்தை. என்னை மட்டும் விடப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தார் போல. ஆனாலும் பல வருடம் அது ஊறுகாய்ப் பாட்டிலைத் தள்ளி வைப்பதோடு நின்றது. இந்தப் பங்குனியில் எதிர்வீட்டுக்காரருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. பார்த்துவிட்டு வந்தவர், மறுநாளிலிருந்து சமையலில் உப்பை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் அல்ல. "அவ மட்டும் சப்புன்னு திங்க, நாம ருசியா திங்கிறதா?" என்று மொத்த வீட்டுக்கும்.

என் கணவர் தப்பித்துக்கொண்டார். வேலை முடிந்து வரும் வழியில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்து, வீட்டில் நல்ல பிள்ளையாக ரசம் குடிப்பார். எனக்கு மூன்று வேளையும் அத்தை கைச் சாப்பாடு. கப்பலூரில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், மதியத்துக்கு டிபன் பாக்ஸும் அவர் கட்டித் தருவதுதான். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், அதிலும் சாப்பாடு சரியில்லை என்றால் தட்டு பறக்கும். ஆனால் இதற்கு எப்படிக் கத்துவது? என்னைப் பெற்ற அம்மாகூட எனக்காக ஒரு வேளை நாக்கைக் கட்டியதில்லை. அந்தச் சப்பென்ற சாம்பாரை எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது.

சித்திரை வெயில் ஏறியது. என் கையில் எப்போதும் லேசான நடுக்கம் உண்டு, மாத்திரை தரும் சீதனம் அது. இப்போது டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பியது. பில்லில் எண்களைத் தப்புத் தப்பாக அடித்தேன். நாக்கு தடித்தது. கம்பெனி வாசலில் நான் தள்ளாடி நடந்ததைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "பிரஷர் ஏறிருச்சு" என்றார் அத்தை. அதுவரை மோரில் மட்டும் விட்டுவைத்திருந்த ஒரு சிட்டிகை உப்பும் போயிற்று.

ஒரு காலையில் வாந்தி நிற்கவில்லை. தல்லாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டர், லித்தியம் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார். "சாப்பாட்டுல உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டார். நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அது சேர்ந்து சேர்ந்து விஷமாகிவிடுமாம். மாத்திரை ஆரம்பித்த காலத்தில் யாரோ சொன்ன பத்து விஷயங்களில் இதுவும் ஒன்று. நான்தான் மறந்திருந்தேன்.

படுக்க வைத்து டிரிப் ஏற்றினார்கள். கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது அத்தை கஞ்சியோடு வந்தார். தொங்கும் பாட்டிலைப் பார்த்து, "குளுக்கோஸா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"இல்லம்மா, உப்புத் தண்ணி."

அவ்வளவுதான். "பிரஷர்காரிக்கு உப்புத் தண்ணியா ஏத்துறீக? படிச்ச புள்ளைகதானா நீங்க? நிப்பாட்டுங்கம்மா!" வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் தடுக்கத் தடுக்க அத்தையின் கை டியூபை நோக்கிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, எனக்குப் பிரஷர் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல."

தடித்த நாக்கோடு எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். 'பைத்தியத்தை என் மகன் தலையில கட்டிட்டீக' என்று அவர் சொல்வார் என்று எத்தனையோ வருடமாக எதிர்பார்த்து, அதற்கு நல்ல காரமான பதில்களாகத் தயாரித்து வைத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. மடியில் இருந்த கஞ்சித் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, நான் உப்பக் கொறச்சதுனாலதான் இப்படி ஆச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "ஆமா அத்தை."

"என் கையாலயே ஒனக்கு வெசம் வைக்க விட்டுட்டீகளே. புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தபின் மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். என்னோடு தேவைக்கு மட்டும். உப்பைக் கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், முன்பு சாப்பிட்டது போலவே சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் நடுக்கம் குறைந்தது. அத்தைக்கோ சமையலறையில் கை ஓடவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், அவர் கல்லுப்பு ஜாடி முன்னால் நின்றுகொண்டே இருப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கே சமைத்துப் போடுகிறவர், அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கூப்பிட்டார். "ஏத்தா, இங்க வா. உப்புப் பாரு."

கரண்டியிலிருந்து என் உள்ளங்கையில் ரசத்தை ஊற்றினார். "என் மனசு நோகுமேன்னு பாக்காத. உள்ளதச் சொல்லு. இன்னொருக்கா என்னையக் கொலகாரி ஆக்கிறாத."

நக்கிப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கம்மி அத்தை" என்றேன்.